கோபுரத்தில் குடியிருந்த வல்லூறுகள்

திருக்கழுக்குன்றத்துக்கு என் தந்தையார் என்னை முதன்முதலில் அழைத்துச் சென்றபோது எனக்கு ஒன்பது வயது. படிகளில் ஏறிக் கால் ஓய்ந்து போயிருந்தேன். வேதகிரீஸ்வரரைத் தரிசித்துவிட்டு இறங்கும் வழியில் ஒரு பாறைச் சரிவின் ஓரமாகக் கூட்டம் அமர்ந்திருந்தது. உச்சி வேளை, பாறை கொதித்தது. பண்டாரம் ஒருவர் சர்க்கரைப் பொங்கல் பாத்திரத்தை அருகில் வைத்துக்கொண்டு வானத்தையே நோக்கியிருந்தார். எங்கிருந்தோ இரண்டு பறவைகள் வட்டமிட்டு இறங்கின. வெண்ணிற உடல், கறுத்த இறக்கை ஓரம், மஞ்சள் முகம். கோழி நடப்பதுபோல் நடந்து வந்து அவர் கையருகே உண்டன, நீரில் அலகை நனைத்தன, எழும்பிப் போய்விட்டன. எல்லாம் ஐந்து நிமிடம்கூட இராது. "காலையில் காசியில் ஸ்நானம், மத்தியானம் இங்கே பிரசாதம், ராத்திரி ராமேஸ்வரம்" என்றார் அப்பா. சம்பு, ஆதி என்னும் முனிவர்கள் சாபத்தால் கழுகு உருக்கொண்டு கலியுகம் முடியும்வரை இங்கே வருவார்கள் என்றும் சொன்னார்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அவை வருவது நின்றுபோயிற்று. அப்போது நான் வேறொரு மாவட்டத்தில் கிளை மேலாளராக இருந்தேன். செய்தியை நாளிதழில் படித்தேன், பக்கத்தைப் புரட்டினேன். அவ்வளவுதான்.

அந்தப் பாறையும் அந்த வெயிலும் மீண்டும் நினைவுக்கு வந்தது இங்கிலாந்தில், டெர்பி என்னும் ஊரில், ஒரு கிறித்தவப் பேராலயத்தின் கோபுர நிழலில் நின்றபோது. அதைத்தான் இங்கே எழுத முற்படுகிறேன்.

எங்கள் மகள் அந்த ஊரில் விமான எஞ்சின் செய்யும் ஆலையில் பொறியாளராகப் பணிபுரிகிறாள். நான் ஓய்வு பெற்ற மறு ஆண்டு அவள் கருவுற்றாள்; ஏழாம் மாதத்தில் அது கலைந்தது. எங்களுக்கு விசா கிடைத்துப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தொலைபேசியில் அவள் அழவில்லை. அவள் அம்மாதான் அழுதாள். மருத்துவர்கள் எத்தனையோ பரிசோதனை செய்து பார்த்துவிட்டு, காரணம் என்று எதையும் காட்ட முடியவில்லை என்றார்களாம். இரண்டாண்டுகள் கழித்து மீண்டும் கருவுற்றபோது, என் மனைவி யாரையும் கேட்கவில்லை. பங்குனி பிறந்ததும் புறப்பட்டுவிட வேண்டும் என்றாள். திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் வாங்கிய விளக்கெண்ணெய்ப் புட்டியை மூன்று பிளாஸ்டிக் உறைகளில் சுற்றிப் பெட்டியின் நடுவில் வைத்தாள். இரவல் வாங்கிய கம்பளிச் சட்டைகளைவிட அந்தப் புட்டிக்குத்தான் காவல் அதிகம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மகளுக்கு ஆறு மாதம் நிறைந்திருந்தது. படுக்கையில் ஓய்வாக இருக்கச் சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளை காலையில் வேலைக்குப் போய்விடுவார். பெண்கள் இருவரும் அறைக்குள் இருக்க, நான் கூடத்தில் அமர்ந்து ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தைந்து ஆண்டுகள் கையெழுத்துப் போட்ட கைக்கு வேலையில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை ஓய்வு பெற்றவர்கள் அறிவார்கள். நான்காம் நாள் குடையை எடுத்துக்கொண்டு நடக்கக் கிளம்பினேன்.

டெர்பி பேராலயத்தின் கோபுரம் 212 அடி உயரம். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவன் நான்; கணக்கைப் படித்தவுடன் மனம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தது. அந்தக் கோபுரம் 16-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்தது. அதை ஒட்டிய ஆலயம் பழுதாகி 1725-இல் புதிதாகக் கட்டப்பட்டது. கோபுரத்தில் பத்து மணிகள் தொங்குகின்றன. 1678 முதல் அவை ஒன்றாக ஒலிக்கின்றன. பக்கத்தில் டெர்வென்ட் ஆறு. அதன் கரையில் 18-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய பட்டு ஆலை இருந்த இடம் இன்று அருங்காட்சியகம். மணல் நிறக் கல்லில் கோபுரம் சதுரமாக, கனமாக நிற்கிறது. நம் கோபுரங்களில் சுதைப் பதுமைகள் நிற்கும் உயரத்தில் அங்கே கல்லில் செதுக்கிய பூத முகங்கள் வாயைப் பிளந்து மழைநீரைக் கக்குகின்றன.

அந்தப் பூத முகம் ஒன்றின்மீது சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்ததைக் கண்டேன். புறா என்று எண்ணி நடந்தேன். காலடியில் ஒரு புறாவின் சிறகு கிடந்தது. சிறகு மட்டும், தோள்பட்டை எலும்பு சுத்தமாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மகள் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். "இதைத்தான் பார்த்திருப்பீர்கள், அப்பா. நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்."

திரையில் ஒரு தட்டு நிறையக் கூழாங்கற்கள். அவற்றின் நடுவே ஒரு பறவை குந்தியிருந்தது. நீலச்சாம்பல் முதுகு, கரிய தலை, மீசை போன்ற கறுப்புக் கோடு, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். நம் பறவை நூல்கள் பொரி வல்லூறு என்று பெயர் தருகின்றன. வானத்தில் உயரே சென்று இறக்கையை ஒடுக்கிக்கொண்டு விழும்போது மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகம் எடுக்கும்; உலகில் இதைவிட விரைவான உயிர் இல்லை. சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டும் வழக்கம் இதற்குக் கிடையாது. மலைமுகட்டில் பாறை விளிம்பைக் கீறிச் சிறு பள்ளம் செய்து முட்டையிடும். மனிதன் கட்டிய கோபுரம் அதன் கண்ணுக்கு இன்னொரு மலைமுகடு. டெர்பி கோபுரத்தில் ஒரு சோடி வந்து தங்குவதைப் பார்த்த அந்த ஊர்க்காரர்கள் 2006-இல் கிழக்கு முகத்தில் ஒரு மரத்தட்டைப் பொருத்திக் கூழாங்கல் பரப்பினார்கள். அந்த ஆண்டே அவை குஞ்சு பொரித்தன. மறு ஆண்டு கேமரா வைத்தார்கள். டெர்பி மட்டுமன்று; நாரிச், வொர்செஸ்டர், வின்செஸ்டர் எனப் பல பேராலயங்களில் இன்று இவை குடியிருக்கின்றன. சால்ஸ்பரி பேராலயத்தின் 404 அடிக் கூர்கோபுரத்தில் 1953-க்குப் பிறகு 2014-இல்தான் மீண்டும் குஞ்சு பொரித்தன. இடையே ஏன் அறுபது ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்தது என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

இப்பறவையின் ஆங்கிலப் பெயர் 'பெரிகிரின்'. இலத்தீனில் தூர தேசத்திலிருந்து வருபவன் என்று பொருள். யாத்திரிகனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அதே வேரிலிருந்து முளைத்ததுதான். கோயில் கோபுரத்தில் யாத்திரிகன் தங்கியிருப்பது பொருத்தந்தானே என்று மகளிடம் சொன்னேன். சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அது ஒருமுறைதான்.

என் மனைவிக்கு அந்தப் பறவையைப் பிடிக்கவில்லை. "சாமி இருக்கிற இடத்தின் தலைமேல் உட்கார்ந்துகொண்டு புறாவைக் கிழித்துத் தின்கிறது. இதைப் போய் கர்ப்பிணிப் பெண் பார்க்கலாமா?" என்றாள். சனிக்கிழமைகளில் பேர் ட்ரீ சாலையிலுள்ள கீதா பவன் கோயிலுக்குப் போய் வரும்போது பேராலயத் தெருவைத் தவிர்த்துச் சுற்றுவழியாக அழைத்து வரச் சொல்வாள்.

நான் சிபிச் சக்கரவர்த்தியை நினைவூட்டினேன். புறா அடைக்கலம் புகுந்தது, பருந்து துரத்தி வந்தது, மன்னன் தன் தசையை அரிந்து தராசில் வைத்தான் என்பது நம் வீட்டுப் பிள்ளைகள் அனைவரும் கேட்ட கதை. ஆனால் அந்தப் பருந்து மன்னனிடம் பேசியதை யாரும் நினைவில் வைப்பதில்லை. இது எனக்கு விதிக்கப்பட்ட உணவு, இதைத் தடுத்தால் நானும் என் குஞ்சுகளும் பட்டினி கிடப்போம், ஓருயிரைக் காத்துப் பல உயிரைக் கொல்வது என்ன தர்மம் என்று அது கேட்டது. மன்னனால் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் கத்தியை எடுத்தான். என் மனைவி சற்று நேரம் பேசாதிருந்தாள். "அது இந்திரன் எடுத்த வேஷம். இது நிஜப் பருந்து" என்றாள். வாதத்தில் அவளை வென்றதாக எனக்கு நினைவில்லை.

தட்டில் நான்கு முட்டைகள் இருந்தன. செங்கல் நிறத்தில், குங்குமத்தை இழுத்துவிட்டாற்போல் புள்ளிகள். பெட்டை உருவில் பெரியது. ஆண் அதைவிட மூன்றில் ஒரு பங்கு சிறியது. இரண்டும் மாறி மாறி அடைகாத்தன. முட்டையின் மேல் உட்காரும்போது கூர்நகம் குத்திவிடாதபடி விரல்களை மடக்கி முட்டியாக்கிக்கொண்டு, தள்ளாடித் தள்ளாடி நெருங்கி, மெல்ல உடலைத் தாழ்த்தும். புறாவின் முதுகை உடைக்கும் அதே கால். இதை ஒருநாள் என் மனைவியும் பார்த்தாள். அறைக்குள் காப்பி கொண்டுவந்தவள் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிகளும் சேர்ந்து முழங்கியபோது பறவை தலையைக்கூடத் திருப்பவில்லை. பனி பெய்த ஒரு நாளில் அதன் முதுகு வெளுத்துப்போயிற்று; எழுந்திருக்கவில்லை.

சித்திரை பாதியில் முட்டைகள் பொரியத் தொடங்கின. முதல் நாள் ஒன்று, மறுநாளுக்குள் இரண்டு. பஞ்சு உருண்டைகள்போல் மூன்று குஞ்சுகள். நான்காவது முட்டை அப்படியே கிடந்தது. ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள்.

மகளுக்கு அது ஏழரை மாதம். சென்ற முறை கைவிட்டுப் போன வாரத்தைக் கடந்து கொண்டிருந்தோம். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. என் மனைவி தினமும் மாலையில் விளக்கேற்றிவிட்டு எண்ணெயைத் தடவி வயிற்றின்மேல் கையை வைத்து ஸ்லோகம் சொல்வாள். அந்நேரம் நான் கூடத்தில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருப்பேன். மகள் திரையிலிருந்து கண்ணை எடுப்பதேயில்லை. தாய்ப்பறவை மூன்று குஞ்சுகளையும் அணைத்துக்கொண்டு, அந்தப் பொரியாத முட்டையையும் அலகால் உருட்டி வயிற்றுக்குக் கீழே இழுத்துக்கொண்டது.

"அதை ஏன் அது இன்னும் ஒதுக்காமல் இருக்கிறது, அப்பா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. தெரிந்து வருகிறேன் என்று சொல்லிக் குடையை எடுத்தேன்.

பேராலயத்துக்கும் ஆற்றுக்கும் இடையே ஒரு புல்வெளி உண்டு. குஞ்சுகள் வளரும் பருவத்தில் ஆர்வலர்கள் அங்கே தொலைநோக்கிகளை நிறுத்திப் போவோர் வருவோருக்கெல்லாம் பறவைகளைக் காட்டுகிறார்கள். காசு கிடையாது. அன்று இருந்தவர் என்னைவிட மூத்தவர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவராம். பொரியாத முட்டையைப் பற்றிக் கேட்டேன். நான்கில் ஒன்று அப்படி ஆவது சாதாரணம் என்றார். கரு பிடிக்காமல் இருக்கும், அல்லது நின்றுபோயிருக்கும். தாய்க்கு அந்த வேறுபாடு தெரியாது. சில வாரத்தில் அது கல்லோடு கல்லாகிவிடும். பிறகு அவராகவே, "ஒரு காலத்தில் நான்கும் போகும்" என்றார்.

அன்று அவர் சொன்ன வரலாற்றைப் பிறகு நூல்களிலும் படித்துச் சரிபார்த்துக்கொண்டேன். பழக்க தோஷம்.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானங்கள் தூதுப்புறாக்களைச் சுமந்து சென்றன. கடலில் விழுந்தால் புறாவின் காலில் சீட்டுக் கட்டி அனுப்புவார்கள். வல்லூறு அந்தப் புறாக்களைப் பிடித்துவிடுகிறதென்று 1940-இல் அரசு அவற்றைக் கொல்ல உத்தரவிட்டது. ஏறத்தாழ அறுநூறு வல்லூறுகள் கொல்லப்பட்டன. போர் முடிந்ததும் அவை மீண்டும் பெருகத் தொடங்கின. பின்னர் 1960-இல், பந்தயப் புறா வளர்ப்போர் அரசிடம் முறையிட்டார்கள்: வல்லூறுகள் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டன, எங்கள் புறாக்களைத் தின்கின்றன, அவற்றுக்குள்ள சட்டப் பாதுகாப்பை நீக்க வேண்டும். சரி, எண்ணிப் பார்ப்போம் என்று டெரெக் ராட்கிளிஃப் என்னும் அறிஞரின் தலைமையில் நாடெங்கும் கணக்கெடுத்தார்கள். விளைவு நேர்மாறாக இருந்தது. அதிகம் என்று சொல்லப்பட்ட பறவை அழிந்துகொண்டிருந்தது. போருக்கு முன்பிருந்ததில் பாதிகூட மிஞ்சவில்லை. கூடுகளில் முட்டைகள் உடைந்து கிடந்தன.

வங்கியில் சில ஆண்டுகள் தணிக்கைப் பிரிவில் இருந்தவன் நான். புகார் ஒன்றாகவும் கணக்குப் புத்தகம் வேறாகவும் இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஆனால் இதற்குப் பின் ராட்கிளிஃப் செய்ததுதான் எனக்கு வியப்பு. அந்நாட்டில் காட்டுப்பறவைகளின் முட்டைகளைத் திருடிப் பெட்டி பெட்டியாகச் சேர்ப்பது சிலருடைய பொழுதுபோக்காக இருந்தது, பின்னாளில் குற்றமாயிற்று. அவர் அந்தப் பழைய பெட்டிகளைத் தேடிப் போனார். ஒவ்வொரு முட்டை ஓட்டையும் நிறுத்தார், அளந்தார், பொறுக்கிய ஆண்டின்படி வரிசைப்படுத்தினார். 1947 வாக்கில் ஓட்டின் கனம் திடீரென ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 1967-இல் அதை வெளியிட்டார். போருக்குப் பின் வயலெங்கும் தெளிக்கப்பட்ட டி.டி.டி. என்னும் மருந்து தானியத்தில், பூச்சியில், அவற்றைத் தின்ற சிறு பறவையில், அதைத் தின்ற வல்லூறில் என்று படிப்படியாகச் சேர்ந்துகொண்டே போயிற்று. உச்சியில் இருக்கும் உயிருக்கு அனைவருடைய பாக்கியும் வந்து சேர்ந்தது. தாயின் உடலில் ஓட்டுக்குச் செல்ல வேண்டிய சுண்ணாம்பை அந்த நஞ்சு தடுத்தது. விதையில் தோய்த்த வேறு மருந்துகள் வளர்ந்த பறவைகளையே கொன்றன.

"முட்டையை யாரும் உடைக்கவில்லை. தாய் அடைகாக்க உட்கார்ந்தாள், அவள் பாரம் தாங்காமல் அது உடைந்தது" என்றார் அந்தக் கணக்கு வாத்தியார்.

அதற்குமேல் தொலைநோக்கியில் எனக்கு எதுவும் தெரியவில்லை.

1983-இல் நான் பழைய தஞ்சை மாவட்டத்தில் ஒரு கிராமக் கிளையில் விவசாயக் கள அலுவலராக இருந்தேன். இருபத்தாறு வயது, மோட்டார் சைக்கிள், கைப்பையில் ரப்பர் முத்திரை. பயிர்க்கடனில் ரொக்கம் ஒரு பகுதி, பொருள் ஒரு பகுதி. பொருள் என்றால் உரமும் பூச்சிமருந்தும். விவசாயி கடைக்குச் சீட்டைக் கொண்டுபோய் மருந்தை வாங்கிக்கொள்ள வேண்டும். பணம் நேராகக் கடைக்காரர் கணக்குக்குப் போகும். டி.டி.டி.யும் பி.எச்.சி. தூளும் அப்போது கடைகளில் மூட்டை மூட்டையாக இருந்தன. முட்டை ஓட்டை மெலியச் செய்வது டி.டி.டி.; பி.எச்.சி. வேறு வகை நஞ்சு. வயலுக்கு டி.டி.டி. கூடாதென்று நம் நாட்டில் 1989-இல்தான் தடை வந்தது; பி.எச்.சி.க்கு 1997-இல். அமெரிக்காவில் 1972-இலேயே டி.டி.டி.யை நிறுத்திவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் மேலிடத்துச் சுற்றறிக்கையை மீறியிருப்பேனா என்பது வேறு கேள்வி.

ஒரு பெரியவர் வந்தார். மூன்று ஏக்கர் குத்தகை நிலம். கடனை முழுவதும் ரொக்கமாகவே தரவேண்டும், மருந்துச் சீட்டு வேண்டாம் என்றார். போன வருஷம் தூவினேன், வாய்க்காலில் நண்டும் கெண்டையும் செத்து மிதந்தன, தின்ன வந்த கொக்கும் வரப்பிலேயே விழுந்தது, எனக்கு மனசு ஒப்பவில்லை தம்பி என்றார். விதியில் இடமில்லை என்றேன். மூன்றுமுறை வந்தார். மூன்றாம் முறை நான் அவருடைய விண்ணப்பத்தின் ஓரத்தில், 'மனுதாரர் ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவருக்குக் கடன் கிடைக்கவில்லை. அடுத்த சாகுபடிக்கு நிலம் அவர் கையில் இல்லை என்று கேள்விப்பட்டேன்.

வீட்டுக்குத் திரும்பினேன். முட்டையைப் பற்றி மகளிடம் கரு நின்றுபோயிருக்கும் என்று மட்டும் சொன்னேன், மற்றதை மறைத்தேன். தாயின் பாரத்தால் உடைந்தது என்பதை எந்த வாயால் அந்தப் பெண்ணிடம் சொல்வது? அவள் என்னைச் சற்று நேரம் பார்த்தாள். "டி.டி.டி. கதையெல்லாம் சொன்னாரா? நான் முன்னமே படித்துவிட்டேன், அப்பா" என்றாள். பிறகு கேட்டாள். "நீங்கள் அந்தக் காலத்தில் பூச்சிமருந்துக்குக் கடன் கொடுத்தீர்கள் இல்லையா?"

"கொடுத்தேன்" என்றேன். பெரியவரைப் பற்றியும் சொன்னேன். முப்பத்தைந்து ஆண்டுகளில் என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

மகள் ஆறுதல் சொல்லவில்லை, குற்றமும் சொல்லவில்லை. "அவர் பெயர் நினைவிருக்கிறதா?" என்று கேட்டாள்.

நினைவிருந்தது. தகப்பனார் பெயரோடு, ஊர்ப் பெயரோடு சொன்னேன். அவள் மெல்ல அதைத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, திரையைப் பார்த்தபடியே, "அந்தப் பறவைகளுக்காவது காரணம் கண்டுபிடித்தார்கள்" என்றாள். சென்ற முறை தான் ஆலையில் படியேறியதால் ஆயிற்றோ, தூக்கம் கெட்டதால் ஆயிற்றோ என்று இரண்டாண்டுகளாகத் தன்னைத்தானே விசாரித்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் அம்மாவோ, ஒரு பிரார்த்தனையைத் தான் தள்ளிப்போட்டதுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம். கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டவள் உள்ளே வந்து அதைச் சொன்னாள். மூவரும் அன்று வெகுநேரம் பேசினோம். இடையில் மாப்பிள்ளை வந்து, சாப்பாடு ஆறிப்போனதைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் தானே சூடாக்கினார்.

அதன்பின் என் மனைவி சுற்றுவழியில் போகவில்லை. புல்வெளியில் நின்று தொலைநோக்கியில் பார்த்தாள். குஞ்சுகளுக்கு இறகு முளைத்துப் பழுப்பு நிறமாகிவிட்டிருந்தது. ஆண் பறவை எதையோ கொண்டுவந்து போட்டது. "இன்றைக்கும் புறாதானா?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே கேட்டாள், ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை. கோபுரத்துக்கு இரவில் போடும் விளக்கொளியில், மேலே வலசை போகும் பறவைகளையும் இவை பிடிப்பதைக் கேமராக்கள் காட்டியிருக்கின்றன என்று அந்தக் கணக்கு வாத்தியார் சொன்னபோது, "ராத்திரியிலுமா? தூங்குவதே இல்லையா, பாவம்" என்றாள். அவர் என்னை மொழிபெயர்க்கச் சொன்னார்.

இன்று பிரிட்டனிலும் அதைச் சூழ்ந்த தீவுகளிலும் இவற்றின் நிலை மாறிவிட்டது. 2014-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 1,700-க்கும் மேற்பட்ட சோடிகள் இருந்தன. மருந்தை நிறுத்தினார்கள், சுடுவதைத் தடுத்தார்கள், கோபுரங்களில் கூழாங்கல் பரப்பினார்கள். நம் நாட்டில் கால்நடைகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்னும் வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளை இலட்சக்கணக்கில் கொன்றது. கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்த 2006-இல் தடை வந்தது. கழுகுகள் அந்த வேகத்தில் திரும்பவில்லை.

ஆனி மாதத் தொடக்கத்தில் ஓர் அதிகாலையில் மகளை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். உள்ளே அவள் அம்மாவும் மாப்பிள்ளையும் இருந்தார்கள். எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. பேருந்து பிடித்துப் புல்வெளிக்கு வந்தேன். குஞ்சுகளில் இரண்டு பறந்துவிட்டிருந்தன. மூன்றாவது அந்தப் பூத முகத்தின் தலைமேல் நின்று இறக்கையை அடித்துக்கொண்டிருந்தது. எம்பும், பிறகு நகத்தால் கல்லைப் பற்றிக்கொள்ளும். தாய் எதிர்க்கட்டடத்தின் உச்சியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. கையில் இரை இருந்தும் கொண்டுவந்து கொடுக்கவில்லை. நான் கந்தர் அனுபூதியை மனத்துக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன். எத்தனை முறை சொன்னேன் என்று தெரியாது. பதினொன்றரை மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"பெண் குழந்தை, மாமா. இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள்" என்றார் மாப்பிள்ளை. அவர் குரல் உடைந்திருந்தது. நான் என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். பூத முகத்தின் தலைமேல் ஒன்றுமில்லை.

ஐப்பசியில் ஊர் திரும்பினோம். திருக்கருகாவூரில் பிரார்த்தனையை நிறைவேற்றியபின், அந்தப் பெரியவரின் ஊருக்குப் போனேன். அவர் காலமாகி இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. மகன் திருப்பூரில் இருக்கிறாராம். வீடு இருந்த இடத்தில் வேறொருவர் மாடி கட்டியிருந்தார். மகனின் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கி வந்தேன், பேசவும் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, "அப்பா உங்களைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லையே, சார்" என்றார்.

தை மாதத்தில் ஒரு நாள் திருக்கழுக்குன்றம் சென்றோம். முழங்கால் வலியோடு என் மனைவி ஒவ்வொரு படியாக ஏறினாள். வேதகிரீஸ்வரரைத் தரிசித்துவிட்டு, உச்சி வேளையில் அந்தப் பாறைக்கு வந்து உட்கார்ந்தோம். எங்களைத் தவிர யாருமில்லை. சங்குத் தீர்த்தம் கீழே வெயிலில் மின்னியது. அவள் தூக்குச்சட்டியைத் திறந்து, வாழையிலைத் துண்டில் சிறிது சர்க்கரைப் பொங்கலை வைத்துப் பாறையின் விளிம்பில் தள்ளினாள். இதை அவள் வீட்டிலிருந்தே செய்து கொண்டுவந்திருந்தது எனக்குத் தெரியாது. முக்கால் மணி நேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு காகம் வந்தது. பிறகு அணில் ஒன்று. "வந்ததற்கு அதுவாவது சாப்பிடட்டும்" என்றாள். கையை ஊன்றி எழுந்து, எனக்கும் கை கொடுத்தாள்.